குளிர் காலையில் வெளுக்கும் விரல்களும் மாமா கொடுத்த மிஷினும்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

இருபது வருடமாக மரம் அறுக்கும் வேலை. சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை, அனுமதி வந்த பிறகு, சாய்த்துத் துண்டு போட்டுக் கொடுப்பார். கையில் இருப்பது தாய்மாமா கொடுத்த, செயின் ஓடி மரம் அறுக்கும் பழைய ஜெர்மன் மிஷின். 100 சிசிக்கு மேல். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்ந்தால் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. ‘எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. இன்றைக்கும் மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்’ என்று எழுதுகிறார். சீசனில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்வரை அறுப்பாராம்.

மூன்று வருடமாக மார்கழி, தை மாதக் காலைகளில் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றன. குத்தினாலும் தெரியாது. கால் மணி நேரம் கழித்துச் சிவந்து எரியும். இரவில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. டி.வி. சத்தத்தை அதிகமாக வைப்பதாக வீட்டில் சண்டை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி ஒருவர் ஆறு மாதமாகச் சத்து ஊசி போட்டுவருகிறார். பிரஷருக்கு அட்டெனோலால் மாத்திரை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. 20 வயது மகன் தொழிலுக்கு வர நிற்கிறார்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள்: இது என்ன நோய்? மிஷினை விற்றுவிட வேண்டுமா? மகனுக்கு அதிலேயே தொழில் கற்றுக்கொடுக்கலாமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த மிஷினைப் பற்றியது. அதை எப்படித் துடைப்பீர்கள், டூ-டி ஆயிலை எந்த அளவில் கலப்பீர்கள், கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்து மாட்டியிருக்கிறீர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விரல்களைப் பற்றி எட்டு வரிதான் இருந்தது. அந்த எட்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவராகச் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பது கை அதிர்வு நோயின் வர்ணனையோடு அப்படியே பொருந்துகிறது. பேச்சுவழக்கில் இதை ‘வெள்ளை விரல்’ என்பார்கள். நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பதால் ‘பொருந்துகிறது’ என்று நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் விரலில் வெளுத்த பகுதிக்கும் வெளுக்காத பகுதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல எல்லை தெரிகிறது என்று எழுதினீர்களே, அது மிக முக்கியமான அடையாளம். அடுத்த முறை அப்படி வெளுக்கும்போது மகனிடம் சொல்லி செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போகிற நேரத்தில் விரல்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும்.

சமவெளியில் இருக்கும் மருத்துவர்களுக்கு இந்த நோய் அதிகம் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. அதிர்வு ரத்தக்குழாயைக் கெடுத்து வைத்திருக்கும். ஆனால் விரல் வெளுப்பதற்குப் பெரும்பாலும் குளிர் வேண்டும். திருவாரூரில் இதே மிஷினைப் பிடித்தவருக்கு வெளியில் தெரியாமலே கிடக்கும் கோளாறு, உறைபனி விழும் நீலகிரிக் காலையில் உங்களுக்குக் கண்ணெதிரே தெரிகிறது. அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918-இல் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு பகுதியில், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக் கல் செதுக்கும் தொழிலாளர்களிடம் பார்த்ததும் இதுவேதான். குளிர் காலையில் விரல் செத்துப்போகிறது என்றார்கள் அவர்கள். கருவியைத் தாங்கிப் பிடித்த இடது கையில்தான் அங்கும் பாதிப்பு அதிகமாக இருந்தது.

விரலுக்குள் என்ன நடக்கிறது

உங்களுடையது போன்ற பெரிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு நூறு முறைக்கு மேல் அது உங்கள் உள்ளங்கையை உதறுகிறது. நூறு என்றே கணக்கிட்டாலும் நாலு மணி நேரத்தில் 14 லட்சம் உதறல். இருபது வருடம் இதைத் தாங்கிய விரல் நுனியின் சின்ன ரத்தக்குழாய்கள், லேசாகக் குளிர் பட்டாலே இறுக மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாததால் விரல் வெளுக்கிறது. பிறகு குழாய் திறந்து ரத்தம் பாயும்போது சிவந்து எரிகிறது.

நரம்பு பாதிக்கப்படுவது தனிக் கதை. இரவில் மரத்துப்போவது, பொத்தான் போட முடியாதது, சில்லறை கை நழுவி விழுவது எல்லாம் அதில் சேரும். மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கப்படுவதாலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மரக்கும். அதிர்வில் வேலை செய்பவர்களுக்கு அதுவும் கூடவே வருவதுண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நரம்பு மின்னோட்டப் பரிசோதனை வேண்டும். மணிக்கட்டு நெருக்கம்தான் என்றால் சிகிச்சை இருக்கிறது. ஆகவே இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சத்து ஊசி போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். பி12 குறைந்தாலும் சர்க்கரை இருந்தாலும் கை மரக்கும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை ஒரு முறை செய்துவிடுங்கள். ஆனால் பி12 குறைவு இரண்டு விரலை மட்டும் தேர்ந்தெடுத்து, அதுவும் குளிர் காலையில் மட்டும், கோடு போட்டு வெளுக்க வைக்காது. ஆறு மாத ஊசியில் மாற்றமே இல்லை என்பதும் அதைத்தான் காட்டுகிறது.

‘நல்ல கண்டிஷனில் இருக்கிறது’ என்கிறீர்கள்

உண்மைதான், நம்புகிறேன். அந்தக் காலத்து மக்னீசிய வார்ப்பும், பிரித்து மாட்ட வசதியான அமைப்பும் இன்றைய பல மிஷின்களில் இல்லை. ஆனால் இன்ஜின் நன்றாக ஓடுவது ஒரு விஷயம், அது உங்கள் கைக்கு என்ன செய்கிறது என்பது வேறு விஷயம். அதைப் பிடித்தபடி வேலை செய்யும் உடம்பைப் பற்றிய அறிவு, அந்த மிஷினின் வடிவம் முடிவான பிறகுதான் வளர்ந்தது.

1960-களின் நடுவிலிருந்துதான் கம்பெனிகள் கைப்பிடியை இன்ஜினிலிருந்து பிரித்து, நடுவில் ரப்பரையோ ஸ்பிரிங்கையோ வைக்கத் தொடங்கின. உங்கள் மிஷினில் முன்பிடி நேராகப் பாடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வடிவம் கனமான மரங்கள் உள்ள நாடுகளுக்காக வெகு காலம் அப்படியே தயாரானது. ஆகவே தயாரான வருடத்தைப் பார்ப்பதைவிட, கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

‘புது மிஷினை ஒரு முறை பிடித்துப் பார்த்தேன், ரப்பர் இருப்பதால் ஆடுகிறது, பிடிமானம் இல்லை’ என்று எழுதினீர்கள். இருபது வருடப் பழக்கம் அப்படித்தான் சொல்லும். அந்த ஆட்டம்தான் உதறலை விழுங்குகிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: பிடிமானம் வேண்டும் என்று எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ, அவ்வளவு அதிர்வு கைக்குள் ஏறுகிறது. உங்கள் மிஷினின் எடையே உங்களை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது.

ஐரோப்பாவில் 2002-இல் வந்த விதியை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரி அதிர்வு 2.5-ஐ எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. (வினாடி வர்க்கத்துக்கு மீட்டர் என்ற அலகில் சொல்வது.) இதில் எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம், அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையாது, நாலில் ஒன்றாகக் குறையும். கைப்பிடியில் 5 அளவு அதிரும் மிஷினை எட்டு மணி நேரம் பிடித்தால் வரும் உச்ச வரம்பு, 10 அளவு அதிரும் மிஷினில் இரண்டே மணி நேரத்தில் வந்துவிடும். நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு அரை மணி நேரத்தில் வந்துவிடும். இடையில் ரப்பர் இல்லாத பழைய பெரிய மிஷின்கள் 10-ஐத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் நாலு மணி நேரம் பிடிக்கிறீர்கள்.

பின்லாந்தில் காட்டு வேலைக்காரர்களை 1972-லிருந்து 1990 வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். தொடக்கத்தில் 40 சதவீதம் பேருக்கு வெள்ளை விரல் இருந்தது. கடைசியில் 5 சதவீதம். அந்த இடைவெளியில் மிஷின்களின் அதிர்வு 14-லிருந்து 2-க்கு வந்திருந்தது. அதே காடு, அதே குளிர், அதே தொழில். என்னிடம் வரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். தொழிலை விட வேண்டியதில்லை, கையில் இருப்பதை மாற்றினால் பெரும் வித்தியாசம் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உடனே செய்ய வேண்டியவை

மாத்திரையை முதலில் சொல்கிறேன். அட்டெனோலால் வகை மருந்துகள் விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, வெளுப்பதை அதிகமாக்கலாம். தயவுசெய்து இதைப் படித்தவுடன் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், ‘எனக்கு விரல் வெளுக்கிறது, வேறு மருந்து தர முடியுமா?’ என்று கேளுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் மருந்துகளிலேயே நிஃபெடிபின், ஆம்லோடிபின் போன்றவை ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. வெள்ளை விரலுக்கும் அவற்றைக் கொடுப்பதுண்டு. உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் பீடி. நுரையீரலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் கேட்கப்போவதில்லை என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு பீடியும் இதே சின்ன ரத்தக்குழாய்களைத்தான் இறுக்குகிறது. வெளுத்த விரலைச் சூடாக்க ஒரு பீடி பற்றவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது விரலை இன்னும் குளிர வைக்கிறது.

சைலன்சர் பக்கம் கையை வைத்துச் சூடேற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கை வெளுத்தால் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், கைகளை வீசுங்கள், பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துப் போங்கள். கையுறை போடுங்கள், ஆனால் குளிருக்காகப் போடுங்கள். ‘அதிர்வைத் தடுக்கும்’ என்று விற்கும் கையுறையை நம்பி நேரத்தைக் கூட்டாதீர்கள். கையுறையின் முதல் பலன் கையைச் சூடாகவும் ஈரமில்லாமலும் வைப்பதுதான். உடம்பு முழுக்கச் சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் போகும் என்பதால் ஸ்வெட்டரும் தலைக்குல்லாவும் கையுறை அளவுக்கே முக்கியம். பனி விலகி வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்க முடிந்தால் இன்னும் நல்லது.

காதையும் சோதிக்க வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பான அளவு என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் கால் மணி நேரம். பெரிய பழைய மிஷின் 110-ஐ நெருங்கும். அங்கே கணக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பஞ்சு வைத்துக்கொள்வது போதாது. காதை முழுவதும் மூடும் மஃப் வாங்குங்கள். போன கேட்கும் திறனைத் திரும்பக் கொண்டுவர முடியாது, மீதியைக் காப்பாற்றலாம்.

விற்பதா, வைத்துக்கொள்வதா

அந்த மிஷின் உங்கள் மாமாவின் நினைவு. கல்யாணமானபோது கையில் வேறு எதுவும் இல்லாமல் அதை வைத்துத்தான் குடும்பத்தை நடத்தினேன் என்ற வரியைப் படித்த பிறகு ‘விற்றுவிடுங்கள்’ என்று சுலபமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்றாலும் இன்னொருவர் அதே நாலு மணி நேரம் பிடிப்பார். அவருடைய விரல்களும் விரல்கள்தான்.

என் யோசனை இது. மிஷின் உங்களிடமே இருக்கட்டும், ஆனால் தினசரி வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுங்கள். சில்வர் ஓக்கின் அடிமரம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடிக்குள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 100 சிசி தேவையில்லை. 50, 60 சிசியில், அதிர்வு தடுப்பும் செயின் பிரேக்கும் உள்ள தொழில்முறை மிஷின் போதும். அந்த விலையைப் பார்த்து மலைத்திருக்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத மிஷினை வாங்கினால், ரப்பர் பெயருக்கு இருக்குமே தவிர உதறல் அப்படியே வரக்கூடும். நல்ல கம்பெனியின் கையேட்டில் முன்பிடிக்கு இவ்வளவு, பின்பிடிக்கு இவ்வளவு என்று அதிர்வு அளவு அச்சடித்திருப்பார்கள். கடைக்காரரிடம் முதலில் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். இரண்டு மிஷினுக்கு நடுவில் முடிவெடுக்க, குதிரைத்திறனைவிட அந்த எண் உங்களுக்கு முக்கியம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்த ரப்பர்களை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள். கடினமாகிப்போன ரப்பர் இருந்தும் இல்லாததுதான்.

எப்போதாவது வரும் மிகப் பருத்த மரத்துக்குப் பழையதை எடுக்கலாம். நிமிடக் கணக்கில், செயினைக் கூராக அரம் போட்டு, மற்றவரோடு மாற்றி மாற்றி. மொட்டைச் செயின் அறுக்கும் நேரத்தையும் கூட்டும், உதறலையும் கூட்டும். ஜப்பானில் 1970-களிலேயே ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மரம் அறுக்கும் மிஷின் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். புது மிஷினுக்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டால் உங்கள் விரல்களுக்கு நல்லது.

இது குணமாகுமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். அதிர்வு நின்றால் வெளுப்பது வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவதுண்டு, அதுவும் பீடியை விட்டவர்களுக்கு. நரம்பில் ஏற்பட்ட சேதம் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. பொத்தான் போட முடியாத நிலைக்கு வந்திருப்பதால் அடுத்த சீசன்வரை பொறுத்துப் பார்க்க உங்களுக்கு அவகாசம் இல்லை. நுனியில் தொடங்கிய வெளுப்பு உள்ளங்கையை நோக்கி இறங்கத் தொடங்கினால், அல்லது விரல் நுனியில் ஆறாத புண் வந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகனுக்கு அந்த மிஷின் வேண்டாம்

இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ‘சின்ன வயசு, தாங்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்குவதுபோலத்தான் தெரியும். உங்களுக்கும் பதினேழு வருடம் ஒன்றும் தெரியவில்லையே. சேதம் மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்து, பிறகுதான் வெளியே வருகிறது.

அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று இருக்கிறது. பாரின் மூக்கில், அதாவது அதன் நுனியில், மேல் பாதி எதிலாவது பட்டால் மிஷின் எகிறி முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். செயின் வினாடிக்குச் சுமார் இருபது மீட்டர் வேகத்தில் ஓடுவதால், பார்த்துச் சுதாரிக்க நேரமே கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் வந்த செயின் பிரேக், முன்னால் இருக்கும் தடுப்பில் கை பட்டதும் ஒரு வினாடிக்குள் செயினை நிறுத்திவிடும். உங்கள் மிஷினில் அது இல்லை. இருபது வருடம் உங்களுக்கு எதுவும் நேரவில்லை என்றால், மூக்கை எங்கே வைக்கக் கூடாது என்று உங்கள் கைக்குத் தெரியும் என்று அர்த்தம். உங்கள் மகனின் கைக்கு அது இன்னும் தெரியாது.

அவர் புது மிஷினில் தொடங்கட்டும். ஹெல்மெட், கண்ணாடி, காது மஃப், பூட்ஸ், செயின் பட்டால் உள்ளிருக்கும் நீள இழைகள் பிடுங்கிக்கொண்டு, செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கால்சட்டை, எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். சமவெளியில் அந்தக் கால்சட்டையைப் போட்டு வேலை செய்வது வெயிலில் தண்டனை. உங்கள் மலையில் அந்தச் சாக்கு செல்லாது. தனியாக ஒருபோதும் அறுக்க வேண்டாம். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துக் கையால் அழுத்தி, விடாமல் பிடித்தபடி 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது கூட நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மரம் எந்தப் பக்கம் சாயும், காற்றை எப்படிப் பார்ப்பது, எங்கே நின்றால் ஓட வழி இருக்கும் என்பதையெல்லாம் அவர் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு உங்கள் கையில் மிஷின் இருக்க வேண்டியதில்லை.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பியல் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பதிவு செய்யுங்கள். ‘இருபது வருடமாக மரம் அறுக்கும் மிஷின் பிடிக்கிறேன், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்’ என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டையும் விரல் படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போய், அவர் மிஷினைத் தொடும் முன்பே காதை ஒரு முறை சோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.